தம்பி கடைக்குப் போனாள்: பள்ளிக் கணினியும் செயற்கை நுண்ணறிவும் – வாசகர் கேள்வி பதில்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "சாட்ஜிபிடிக்கு எப்படி சார் தமிழ் தெரியும்?" என்று கேட்கிறார்கள். பெரிய கணக்குகளுக்குள் போகாமல் புரியவைக்க வழி உண்டா?
– பட்டதாரி ஆசிரியர், திண்டிவனம்

உண்டு. ஆறு பழைய தபால் உறையும் கொஞ்சம் துண்டுக் காகிதமும் ஒரு பாடவேளையும் போதும். கணினி வேண்டாம்.

கரும்பலகையில் இந்த ஆறு வாக்கியங்களை எழுதுங்கள்: அம்மா கடைக்குப் போனாள். அக்கா கடைக்குப் போனாள். தம்பி கடைக்குப் போனான். தம்பி பள்ளிக்குப் போனான். அம்மா சந்தைக்குப் போனாள். தம்பி சந்தைக்குப் போனான்.

அம்மா, அக்கா, தம்பி, கடைக்குப், பள்ளிக்குப், சந்தைக்குப் என்று உறைக்கு ஒரு சொல்லை மேலே எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வந்ததோ அதைச் சீட்டில் எழுதி உள்ளே போடவேண்டும். எத்தனை முறை வந்ததோ அத்தனை சீட்டு. 'கடைக்குப்' உறையில் 'போனாள்' இரண்டும் 'போனான்' ஒன்றும் இருக்கும். மொத்தம் 12 சீட்டு வரவேண்டும். 11 என்று குறைந்தால் யாரோ "இதைத்தான் ஏற்கெனவே எழுதிட்டோமே" என்று இரண்டாவது சீட்டை விட்டிருப்பார்கள். இந்த ஆட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு அதுதான். எண்ணிக்கையைத் தொலைத்தால் பாடமே போய்விடும்.

இனி ஒரு மாணவர் 'தம்பி' உறையிலிருந்து கண்ணை மூடி ஒரு சீட்டு எடுக்கட்டும். 'கடைக்குப்' வந்தால் அந்த உறைக்குப் போய் அடுத்த சீட்டு. எடுத்ததை அதே உறையில் திரும்பப் போட்டுவிட வேண்டும். சில நிமிடத்தில் "தம்பி கடைக்குப் போனாள்" வரும், வகுப்பு சிரிக்கும். 'தம்பி'யில் தொடங்கி 18 வாக்கியம் எடுத்தால் சராசரியாக 7 முறை இப்படித் தப்பாக வரும். பின்னங்களைப் பெருக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடை வழியாக 2/9, சந்தை வழியாக 1/6. கூட்டினால் 7/18.

ஏன் தப்பு வந்தது? 'கடைக்குப்' உறைக்குத் தனக்கு முன்னால் வந்தது தம்பியா அக்காவா என்று தெரியாது. தமிழில் வினைமுற்று எழுவாயைப் பார்த்து முடிய வேண்டும். ஒரு சொல் மட்டும் நினைவில் வைத்திருக்கும் பொறியால் அது முடியாது.

அடுத்த கட்டமாக, உறையின் மேல் இரண்டு சொற்களை எழுதச் சொல்லுங்கள்: 'தம்பி கடைக்குப்', 'அம்மா சந்தைக்குப்'. இப்போது பிழையே வராது. ஆனால் "அக்கா சந்தைக்குப்…" என்று தொடங்கினால் அப்படி ஓர் உறையே இல்லை, பொறி வாயடைத்துப் போகும். நினைவைக் கூட்டினால் பிழை குறைகிறது, புதிதாகச் சொல்லும் திறமும் சேர்ந்து குறைகிறது. இந்த முடிச்சைப் பிள்ளைகள் தாங்களே தொட்டுப் பார்த்த பிறகு மீதியைச் சொல்லலாம். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் உறைகளை அடுக்கி வைப்பதில்லை. சொல்லை, சரியாகச் சொன்னால் சொல்லின் துண்டுகளை, எண்களின் வரிசையாக மாற்றுகின்றன. அம்மாவும் அக்காவும் ஒரே மாதிரி இடங்களில் வருவதால் அவற்றின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றன. அதனால் பார்த்திராத "அக்கா சந்தைக்குப்" வந்தாலும் 'போனாள்' என்று முடிக்க முடிகிறது. முன்னால் வந்த எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கவனம் கொடுப்பது என்று கணக்கிடும் அமைப்பு டிரான்ஸ்ஃபார்மர். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஜிபிடி என்ற பெயரின் கடைசி எழுத்து அதைத்தான் குறிக்கிறது.

உறை ஆட்டம் ஓர் உவமைதான், அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தேர்வில் "சாட்ஜிபிடிக்குள் உறைகள் உள்ளன" என்று எழுதி வைப்பார்கள்.

டீச்சபிள் மெஷினில் (படம் காட்டிக் கணினியைப் பயிற்றுவிக்கும் இணையச் செயலி) வேம்பு, புங்கம், முருங்கை மூன்றுக்கும் தலா 50 படம் கொடுத்துப் பயிற்றுவித்தோம். லேபில் சரியாகச் சொல்கிறது. மரத்தடிக்கு மடிக்கணினியைக் கொண்டுபோனால் எதைக் காட்டினாலும் வேம்பு என்கிறது. எங்கே தப்பு?
– எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை, ஆத்தூர்

பெரும்பாலும் அது இலையைக் கற்கவில்லை, தரையைக் கற்றிருக்கிறது. வேம்பை வெள்ளைத் தாளில் வைத்தும் முருங்கையைச் சிமெண்டுத் தரையில் வைத்தும் எடுத்திருந்தால் பின்னணியே போதுமான துப்பு. இலையின் நரம்பைப் பார்க்க அதற்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னொரு சந்தேகம் அந்த 50 படத்தின் மேல். பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படங்கள் சரமாரியாக விழும். 50 படம் என்று பெயர், உண்மையில் ஒரே இலையின் ஒரே படம் 50 தடவை. அந்தச் செயலி கொடுத்த படங்களில் 15 சதவீதத்தைச் சோதனைக்கென்று தானே ஒதுக்கிக்கொள்ளும். அவையும் அதே சரத்திலிருந்து வருபவை. எனவே உள்ளே காட்டும் துல்லியம் ஒன்றை, அதாவது நூறு சதவீதத்தை, தொட்டு நின்றாலும் அதை நம்ப வேண்டாம். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு நடத்திய தேர்வு அது.

மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு மரத்திலும் 15 இலை பறித்து, 5 இலையைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பயிற்சி முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. மீதி 10 இலையில் ஒவ்வொன்றுக்கும் 6 படம்: மேல்பக்கம், அடிப்பக்கம், சாய்த்து, திருப்பி. மூன்று மரத்துக்கும் அதே மூன்று பின்னணிகள் சுழன்று வரட்டும். கொழுந்தும் முற்றலும் கலந்திருக்க வேண்டும்.

வேம்பு, புங்கம், முருங்கை மூன்றும் கூட்டிலைகள். சிற்றிலை ஒன்றைக் காட்டுவதா, முழு இணுக்கைக் காட்டுவதா என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பாதிக் குழு ஒன்றையும் மீதிக் குழு மற்றதையும் எடுத்துவிடும். படம் எதுவானாலும் 224 புள்ளிக்கு 224 புள்ளி என்று சுருக்கப்படுகிறது. இலை சட்டத்தின் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பாவிட்டால் வேப்பிலையின் ரம்பப் பல் விளிம்பு அதில் காணாமல் போகும்.

நான்காவதாக 'எதுவுமில்லை' என்று ஒரு வகுப்பும் சேருங்கள். வெறும் மேசை, கை, நோட்டு, செருப்பு, என்ன வேண்டுமானாலும் அதில் போகலாம். அது எல்லா வகுப்புக்கும் தரும் சதவீதத்தைக் கூட்டினால் எப்போதும் நூறுதான் வரும். மூன்றே வகுப்பு இருந்தால் தலைமையாசிரியரின் கைக்குட்டையையும் அந்த மூன்றில் ஒன்றாகத்தான் சொல்லியாக வேண்டும்.

பயிற்சி சுழற்சி எண்ணிக்கை இயல்பாக 50 என்று இருக்கும். அதை 500 ஆக்கினால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நம்புவார்கள். கெட்ட படத்தை 500 முறை பார்த்தாலும் கெட்ட படம்தான். பயிற்சி ஓடும்போது உலாவியில் வேறு தாவலுக்கு (டேப்) போகவும் கூடாது, பயிற்சி தேங்கிவிடும். 'தாவலை மாற்றாதே' என்று எச்சரிக்கையே வரும். யாரும் படிப்பதில்லை.

முடிந்ததும் ஒட்டிய உறையைப் பிரித்து 15 இலையையும் காட்டி, எந்த மரத்தை எந்த மரமாகச் சொன்னது என்று மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். 'எதுவுமில்லை' என்று வந்தவற்றைப் பக்கத்தில் தனியாக எழுதலாம். மொத்த மதிப்பெண்ணைவிட அந்தக் கட்டம் அதிகம் பேசும்.

மாணவர் கட்டுரைகளில் இல்லாத குறள்கள் வருகின்றன. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கலாமா?
– தமிழாசிரியர், திருநெல்வேலி

வாங்க வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அவர்கள் சொந்தச் சோதனையிலேயே பொறி எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைப் பொறி எழுதியது என்றும் சொன்னது. அதுவும் ஆங்கிலத்தில். நூறு பேர் சொந்தமாக எழுதி, அதில் ஒன்பது பேர் மேல் பழி விழுந்தால் அந்த ஒன்பது பேரிடம் என்ன சொல்வீர்கள்?

உங்களிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: யாப்பு. குறள் இரண்டு அடி, நான்கு சீர் பிறகு மூன்று சீர். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்றாக முடியவேண்டும். பொறி கட்டும் போலிக் குறள்கள் எதுகை மோனை பூசிக்கொண்டு வரும், தளையில் விழுந்துவிடும். ஈற்றடியிலேயே பல விழும். அலகிடுதலைப் பிழை பிடிக்கும் வேலையாகக் கொடுத்தால், நேர் நிரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையும் உட்கார்ந்து பிரிக்கும்.

எண்ணையும் சோதிக்கலாம். குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டு, மிஞ்சியதோடு ஒன்று கூட்டினால் அதிகார எண் கிடைக்கும். 423 என்றால் 43ஆம் அதிகாரம், அறிவுடைமை, மூன்றாவது குறள். பூச்சியத்தில் முடிந்தால் மட்டும் ஒன்று கூட்டக் கூடாது. 430 அதே அதிகாரத்தின் பத்தாவது குறள். பொறி "கல்வி அதிகாரம், குறள் 423" என்று சொன்னால், புத்தகத்தைத் திறக்காமலே பொய் தெரிந்துவிடும். கல்வி 40ஆம் அதிகாரம், அதன் எண்கள் 391 முதல் 400 வரை. இரண்டு சோதனையிலும் தேறியதைப் புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும். வேறொரு வெண்பாவைத் தூக்கி வந்து குறள் என்று நீட்டுவதும் உண்டு.

வீட்டுப்பாடத்தையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். பொறி எழுதிய கட்டுரையை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, பிழைகளைச் சிவப்பு மையில் காட்டச் சொல்லுங்கள். கண்ட பிழைக்கு ஒரு மதிப்பெண், புத்தகப் பக்கத்தோடு நிறுவினால் இரண்டு. கொடுக்கும் முன் அதில் நாலு பிழையாவது இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துவிட வேண்டும். சில சமயம் ஒழுங்காகவே எழுதித் தொலைக்கும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி விளம்பரங்கள் துரத்துகின்றன. இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளா?
– ஒரு தாய், மதுரை

மாட்டாள். சிபிஎஸ்இ 2019–20 கல்வியாண்டில் செயற்கை நுண்ணறிவை ஒன்பதாம் வகுப்பில் விருப்பப் பாடமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்களுக்கு 11ஆம் வகுப்பில் சி++, 12இல் பைதான். உங்கள் மகளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஆசைப்பட்டால் எம்ஐடி மீடியா லேப் உருவாக்கிய, கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சை இலவசமாக இறக்கிக் கொடுங்கள். 8 வயது முதல் 16 வரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது. காசு கொடுத்துச் சேர்ப்பதானால், ஒரு மாதம் கழித்து அவள் செய்த ஆட்டத்தைத் திறந்து ஒரு கட்டையை நீக்கிவிட்டு, "ஓடவிடுவதற்கு முன்னாடி சொல்லு, இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. யோசித்து ஏதாவது சொன்னால் கற்கிறாள். "மிஸ் இப்படித்தான் வைக்கச் சொன்னாங்க" என்றால் அது படம் பார்த்துக் கோலம் போடும் வகுப்பு.

40 மாணவர், ஓடும் கணினிகள் 10, இணையம் வந்துபோகும். பாடவேளை 40 நிமிடம். எப்படிச் சமாளிப்பது?
– உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், அறந்தாங்கி

கணினிக்கு நால்வரை உட்கார வைத்தால் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். 20 பேர் இருவர் இருவராகக் கணினியில், 20 பேர் மேசையில் தாள் வேலையில். 17 நிமிடத்துக்கு ஒருமுறை இடமாற்றம், மிச்சம் ஆறு நிமிடம் உட்காரவும் சேமிக்கவும். கணினியில் இருப்பவர்களில் ஒருவர் சுட்டியைப் பிடிக்க, மற்றவர் சொல்ல மட்டும் வேண்டும். பாதியில் மாற்றிக்கொள்ளட்டும். "நீ நகரு, நான் பண்றேன்" என்று கையை நீட்டினால் முறை போயிற்று என்று விதி வையுங்கள்.

ஸ்கிராட்சுக்கு இணையமில்லாமல் ஓடும் பதிப்பு உண்டு, எல்லாக் கணினியிலும் அதை நிறுவிவிடுங்கள். டீச்சபிள் மெஷின் பக்கம் ஏற இணையம் வேண்டும். ஏறிய பிறகு பயிற்சி அந்தக் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஆகவே வகுப்புக்கு முன்பே பத்திலும் திறந்து, இரண்டிரண்டு படத்தால் ஒருமுறை பயிற்றுவித்துப் பார்த்துவிட்டு, மூடாமல் விடுங்கள்.

கோப்பைச் சேமிப்பதுதான் பெரிய தலைவலி. கைபேசியில் புகுந்து விளையாடும் பிள்ளைக்குக் கோப்புறை என்றால் என்னவென்று தெரியாது. கைபேசி அதைக் காட்டுவதே இல்லை. எனவே முதல் இரண்டு வகுப்பை இதற்கே கொடுங்கள். '7ஆ குழு3 பந்து 2' என்பதுபோல் வகுப்பு, குழு, வேலை, எத்தனையாவது பதிப்பு என்று பெயர் வைக்கப் பழக்குங்கள். 'புதியது', 'கடைசி', 'உண்மையிலேயே கடைசி' எல்லாம் கூடாது.

பாமினியில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் வேறு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன. மாணவருக்கு எந்தத் தட்டச்சு முறையைப் பழக்குவது?
– ஆசிரியை, மட்டக்களப்பு

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று அடியில் உள்ள ஆங்கிலம் தெரிகிறது. தேடவும் முடியாது, வாசிப்பு மென்பொருளும் படிக்காது. ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் உண்டு. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது தாளின் ஊடே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும், அவற்றை முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

மாணவருக்கு தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து வந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ, நான்கே தட்டல். ந, த என்று தட்டினால் 'ந்த' ஆகிவிடும். ஆங்கில ஒலிபெயர்ப்பு முறை முதல் நாளில் எளிது. ஆனால் ன, ண, ந மூன்றில் எது என்பதைத் தமிழை விட்டு ஆங்கில எழுத்தை வைத்து நினைவுகொள்ளப் பழகிவிடுகிறார்கள். எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: 'ஔ' ஓர் எழுத்து. ஒ, ள இரண்டையும் சேர்த்துத் தட்டினால் பார்க்க அதே போலிருக்கும், ஔவையாரைத் தேடினால் மட்டும் கிடைக்க மாட்டார்.

அல்காரிதம், வேரியபிள், லூப் இவற்றைத் தமிழில் சொல்வதா, அப்படியே சொல்வதா?
– ஆசிரியர், ஒசூர்

தமிழ்நாட்டுப் பாடநூலில் நெறிமுறை, மாறி, மடக்கு என்று இருக்கின்றன. தேர்வு அதில் வருவதால் அவற்றைப் பழக்கித்தான் ஆகவேண்டும். திரையில் ஆங்கிலச் சொல் வருவதால் அதையும் விட முடியாது. சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 'மாறி' என்ற சொல் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. அந்த வசதி வேரியபிளுக்குத் தமிழ்க் காதில் இல்லை.

முகத்தை அடையாளம் காணும் செயல்திட்டத்துக்கு மாணவர் படங்களைப் பயன்படுத்தலாமா? கணக்குத் தொடங்கச் சொல்லலாமா?
– தலைமையாசிரியை, காரைக்குடி

முகம் வேண்டாம். இலை, நாணயம், எழுத்து எதையாவது வைத்து அதே பாடத்தை நடத்தலாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவைக் கையாளச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் தேவை. சாட்ஜிபிடியின் விதி 13 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை, 18 வரை பெற்றோர் இசைவு கேட்கிறது. ஆசிரியர் தன் கணக்கில் திறந்து திரையில் காட்டுவது போதும். மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் தட்டாதீர்கள். இணையத்தில் பண மோசடி நேர்ந்தால் 1930, குழந்தைகளுக்கு உதவி 1098. இரண்டையும் லேப் சுவரில் எழுதி வையுங்கள்.

கண்காட்சிக்கு 'ஏஐ குப்பைத்தொட்டி' செய்கிறோம். ஆர்டுயினோ ஊனோ (நிரலை ஓட்டும் சிறிய போர்டு), மீயொலி உணரி (எதிரொலியால் தூரம் அளப்பது), மூடியைத் திறக்கச் சிறிய நீல சர்வோ மோட்டார். கை நீட்டினால் மூடி பாதி திறந்து நின்றுவிடுகிறது, போர்டு அணைந்து எழுகிறது. நிரலில் பிழை இல்லை.
– பத்தாம் வகுப்பு மாணவர்கள், தருமபுரி

நிரலில் இல்லை, மின்சாரத்தில். சர்வோ கிளம்பும் நொடியில் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். மூடி கனமானால் இன்னும் அதிகம். போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்தே அதற்கும் கொடுத்தால் அழுத்தம் சரிந்து போர்டு மறுபடி தொடங்கும். 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதால் அவ்வளவு மின்னோட்டம் தர முடியாது.

சர்வோவுக்குத் தனியாக நான்கு ரீசார்ஜ் பென்சில் பேட்டரி, மொத்தம் 4.8 வோல்ட். அதன் நேர்முனை சர்வோவின் சிவப்புக் கம்பிக்கு மட்டும் போகவேண்டும், போர்டின் 5 வோல்ட்டைத் தொடக்கூடாது. எதிர்முனை மட்டும் சர்வோவுக்கும் போர்டின் தரை முனைக்கும் பொது. இந்தப் பொதுத் தரையை மறந்தால் சர்வோ பிசாசு பிடித்ததுபோல் உதறும். சர்வோவின் இரு மின்கம்பிகளுக்கு நடுவே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் இன்னும் நிதானம். அதன் கோடு போட்ட பக்கம் எதிர்முனைக்கு, மாற்றினால் வெடிக்கும். உணரி 2 செ.மீ.க்குள் இருப்பதைச் சரியாக அளக்காது. துணிச் சட்டைக் கை ஒலியை விழுங்கிவிட்டால் எதிரொலியும் வராது. உள்ளங்கையை நேராகக் காட்டச் சொல்லுங்கள்.

பலகையிலிருந்து 'ஏஐ' என்பதை எடுத்துவிடுங்கள். தூரம் 20 செ.மீ.க்குக் குறைந்தால் மூடியைத் திற என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை அது செய்கிறது, எதையும் கற்கவில்லை. அந்தப் பெயர் வேண்டுமென்றால், மேலே ஆத்தூர் ஆசிரியைக்குச் சொன்ன இலை வேலையைப் பிளாஸ்டிக் கவருக்கும் வாழையிலைக்கும் செய்து, கேமரா பார்த்து இரண்டு மூடியில் ஒன்றைத் திறக்க வையுங்கள். சோதனைக்கு ஐந்து கவரும் ஐந்து இலையும் தனியே ஒட்டிய உறையில் இருக்கட்டும்.